எல்லா ஃபார்மேட்டும் ஓடும்

சின்னவளுக்குக் கண் போய்விட்டது என்று ஊரெல்லாம் பேச வைத்தது யார் என்பது போன வாரம் வெளியே வந்துவிட்டது. வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன்தான்.

இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னவள் ஒரு கலரிஸ்ட். இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு, திரையில் ஒரு முகம் எவ்வளவு சிவக்கலாம், ஒரு விளக்கு எவ்வளவு கூசலாம் என்று முடிவு செய்கிறவள். அந்த வேலைக்கு மூலதனமே கண்தான். அண்ணனுக்கு டிவி கடை. டைரக்டர் ஒருவர் அவனிடம் பெரிய டிவி ஒன்று வாங்கிப்போய், சின்னவள் வண்ணம் பார்த்துக் கொடுத்த தன் தொடரையே அதில் போட்டார். இருட்டுக் காட்சிகள் கறுத்துக் கிடந்தன. முகங்களில் லேசாகப் பச்சை அடித்தது. மனிதர் கொதித்துப் போய்க் கடைக்கு வந்து, அங்கிருந்த அதே மாதிரி டிவியிலும் போட்டுக் காட்டினார். அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டிவியில ஒண்ணுமில்ல சார். என் தங்கச்சிக்குக் கொஞ்ச நாளா கண்ணு சரியில்ல. கலர் பிடிபடறதில்ல. வீட்டு விஷயம், வெளியில சொல்லிடாதீங்க" என்றான்.

வெளியில் சொல்லாதே என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? கையிலிருந்த படங்கள் ஒவ்வொன்றாக நழுவின. ஸ்டூடியோவில் அவள் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தான். நேரில் பார்த்தவர்கள் நலம் விசாரித்தார்கள். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. சொந்த அண்ணனே சொன்னான் என்னும்போது யார்தான் நம்பமாட்டார்கள்? கடைசியில் ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளர் மனசு கேட்காமல் உண்மையை உடைத்தார்.

அன்றிலிருந்து சின்னவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அதைப் பார்த்தே வீட்டில் பயந்திருக்க வேண்டும்.

"இன்னிக்காவது மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்காம வா" என்றாள் அம்மா, கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டே. அப்பா போனதிலிருந்து அம்மா சின்னவளோடுதான் இருக்கிறாள். "உங்க அண்ணன் மாடியில புது ஹால் திறக்கறான். நாலு பெரிய மனுஷங்க வர்றாங்க. நீ செஞ்சு குடுத்த படத்தைத்தான் முதல்ல போடப்போறானாம்."

"நான் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கல."

அந்தப் படத்தைக் கேட்டதும் அம்மா வழியாகத்தான். 'எங்கள் கடை, எங்கள் குடும்பம்' என்று ஒரு சின்னப் படம். அண்ணன், அண்ணி, அம்மா, கடை ஊழியர்கள் எல்லாரும் அதில் வருகிறார்கள். ஒற்றுமையாக இருங்கள் என்று அம்மா கெஞ்சியதற்காகச் சின்னவள் ஒத்துக்கொண்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவள் செய்த வேலை இதுதான். டிவிகளுக்குள்ளே ஒரு பங்காளிச் சண்டை இருக்கிறது. ஹெச்டிஆர் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதே, வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டுகிற சங்கதி, அதில் பல வகை. பொதுவான வகை ஒன்று எல்லா டிவிக்கும் தெரியும். படம் முழுவதற்கும் ஒரே கட்டளை. அதற்குமேல் காட்சிக்குக் காட்சி கட்டளை மாற்றித் தருவதற்கு இரண்டு வகைகள் போட்டிக்கு நிற்கின்றன. ஒன்று டால்பி விஷன், இன்னொன்று ஹெச்டிஆர் டென் பிளஸ். டிவி செய்கிறவர்களில் சிலர் இந்தப் பக்கம், சிலர் அந்தப் பக்கம். இரண்டு வீட்டிலும் கை நனைப்பவர்கள் குறைவு.

தெரியாத வகை வந்தாலும் பெரும்பாலும் குடி முழுகிவிடாது. அடியில் பொது வகையும் சேர்ந்து இருக்கும். டிவி அதைப் பிடித்துக்கொண்டு ஒப்பேற்றிவிடும். ஆனால் அடியில் எதுவுமே இல்லாத ஃபைல் ஒரு ஜாதி உண்டு. தெரிந்த டிவியில் போட்டால் அற்புதம். தெரியாத டிவியில் போட்டால் மனிதர்கள் பச்சையாகவும் ஊதாவாகவும் வந்து நிற்பார்கள்.

அண்ணனுடைய புது ஹாலில் நடுநாயகமாகத் தொங்கும் டிவிக்கு டால்பி விஷன் தெரியாது. கடை வாசலிலோ, ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறான்: 'எல்லா ஃபார்மேட்டும் ஓடும்.' அந்த டிவியைத்தான் டைரக்டருக்கும் இதே வாயால் விற்றான்.

சின்னவள் அடியில்லாத ஃபைலைத்தான் செய்து, பென் டிரைவில் போட்டு அண்ணனுக்கு அனுப்பியிருந்தாள். எல்லார் முன்னிலையிலும் முகங்கள் பச்சையாகும். இவள் மெல்ல எழுந்து போவாள். பென் டிரைவைக் கழற்றிப் பக்கச் சுவரில் இருக்கும் டிவியில் செருகுவாள். அதற்கு டால்பி விஷன் தெரியும். முகங்கள் முகங்களாகும். 'என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. விக்கிறவன் வாய்தான் சரியில்ல' என்று டைரக்டரைப் பார்த்துச் சொல்வாள். அந்த வாக்கியத்தைக் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கிளம்புகிற நேரத்தில் அண்ணன் போன் செய்தான்.

"காலைல ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே போட்டுப் பார்த்துட்டேன். அருமை. கலர் அள்ளுது."

"எந்த டிவியில?"

"பெரிசுலதான். வேற எதுல போடுவேன்?"

சின்னவளுக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்துக்கொண்டாள். இவன் பென் டிரைவைச் செருகவே இல்லை. வழக்கம்போல வாய்க்கு வந்ததை அளக்கிறான். தங்கச்சி ராப்பகலாக உட்கார்ந்து செய்ததைப் போட்டுப் பார்க்கக்கூட அவனுக்கு நேரமில்லை. மிச்சம் மீதி இருந்த இரக்கமும் அத்தோடு போயிற்று.

ஹாலில் புதுக் கம்பளத்தின் வாசனை மூக்கைத் துளைத்தது. மூன்று பக்கமும் டிவிகள். நடுவில் அந்தப் பெரிசு. கட்டடம் கட்டுகிறவர் ஒருவர் தன் புது வீடுகளுக்கெல்லாம் டிவி எடுக்க வந்திருந்தார். அவர் பக்கத்தில் டைரக்டர். முன்வரிசையில் அம்மா. அண்ணி வந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.

டைரக்டர் சின்னவளைக் கண்டதும் எழுந்து வந்தார். நல்ல மனிதர்தான். அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கண்ணு இப்ப பரவாயில்லையாம்மா?"

"இன்னிக்கு நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்."

அண்ணன் மைக்கைப் பிடித்தான். கடை, தரம், நம்பிக்கை என்று அளந்துவிட்டு, கையை நீட்டித் தங்கையைக் காட்டினான்.

"இந்தப் படம் என் தங்கச்சி செஞ்சது. அவளுக்கு உடம்புக்கு, அதாவது கண்ணுக்கு முடியாத நேரம். அப்பவும் அண்ணனுக்காகச் செஞ்சு குடுத்திருக்கா. ஒரு கைதட்டல் குடுங்க."

கை தட்டினார்கள். பரிதாபத்துக்குத் தட்டுகிற தட்டல் அது. சின்னவள் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். உட்காரும்போது அவளுக்குப் பற்கள் வலித்தன. அவ்வளவு இறுக்கிக் கடித்திருந்தாள்.

படம் ஓட ஆரம்பித்தது.

முதலில் வந்தது கடை வாசல். வானம் ஊதாவாக இருந்தது. ஏதோ கலை நயம் போலிருக்கிறது என்று கட்டடக்காரர் தலையாட்டினார். அடுத்து அண்ணன் வந்தான். நெற்றியிலிருந்து கழுத்துவரை பாசி பிடித்த பச்சை. உதடு கத்திரிக்காய் நிறம். சிரித்தான். பல்லும் பச்சை. பின்னாலேயே பச்சை அண்ணி, பச்சை அம்மா. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள்.

சின்னவள் எழுந்திருக்கக் கால்களை ஊன்றினாள். இதற்காகத்தானே இத்தனை நாள்.

அண்ணன் மைக்கோடு டிவி பக்கத்தில் போய் நின்றான். முகமெல்லாம் பெருமை.

"தோலோட நிறத்தைப் பாருங்க சார். தொட்டுப் பார்க்கலாம் போல இல்ல? இதான் இந்த டிவியோட விசேஷம். உள்ளதை உள்ளபடி காட்டும்."

கிண்டல் செய்கிறானா என்று கட்டடக்காரர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் தொண்டையைச் செருமினார்.

"முகமெல்லாம் பச்சையா இருக்கே."

அண்ணன் சிரித்துக்கொண்டே திரும்பி டிவியைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. கிட்டத்தில் போய்ப் பார்த்தான். தள்ளி நின்று பார்த்தான். கண்ணைச் சுருக்கினான். பிறகு அவன் பார்வை டிவியை விட்டுவிட்டு மனித முகங்களில் ஓடியது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று தேடுகிற பார்வை. அது நேராக முன்வரிசையில் அம்மாவிடம் போய் நின்றது.

சின்னவளின் வேலையே நிறம். பச்சையும் சிவப்பும் பிடிபடாத கண்கள் உண்டு என்பதும், அந்தக் கண்களுக்கு இந்தப் பச்சையும் இந்த ஊதாவும் சாம்பல் பூத்த ஒரே சமாச்சாரம் என்பதும் அவளுக்கு அத்துப்படி. காலையில் அவன் பொய் சொல்லவில்லை. போட்டுத்தான் பார்த்திருக்கிறான். அவனுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. கண் இல்லாதது இவளுக்கல்ல. தன்னிடம் இருந்த குறையை எடுத்து, தங்கையின் தலையில் வைத்திருக்கிறான்.

டிவி விற்கிறவன், நிறம் தெரியாதவன். இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தானோ. அதை நினைத்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், சின்னவள் பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று சொல்லி அவனைக் காப்பாற்றியிருப்பாள்.

அவன் வாயைத் திறந்தான்.

"நான்தான் சொன்னேனே சார். பாவம், அவ கண்ணு அப்படி. தப்பா எடுத்துக்காதீங்க."

எல்லாத் தலைகளும் சின்னவள் பக்கம் திரும்பின. அவள் நிதானமாக எழுந்து போனாள். ரிமோட்டை அண்ணன் கையிலிருந்து வாங்கினாள்.

"செட்டிங்ல ஒரு சின்னக் கோளாறுதான். நான் சரி பண்ணித் தர்றேன்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

மெனுவைத் திறந்தாள். மேலே போனாள், கீழே போனாள். எதையும் மாற்றாமல் மூடினாள். திரையில் அண்ணனின் பெரிய முகம் நின்றிருந்தது. இம்மிகூட மாறாத அதே பாசிப் பச்சை.

"இப்ப பாருண்ணா. சரியாயிடுச்சா?"

அவள் குரலில் அவ்வளவு அன்பு. அண்ணன் டிவியைப் பார்த்தான். கழுத்தில் வியர்வை வழிந்தது. இப்போது எது சரி, எது தப்பு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சரி பண்ணுகிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் சரியாகத்தான் ஆகியிருக்கும்.

"ஆங். இப்ப கரெக்டா இருக்கு" என்றான். தைரியம் வந்து கூட்டத்தைப் பார்த்தும் சொன்னான். "பார்த்தீங்களா சார்? சின்ன செட்டிங்தான். இப்ப முகமெல்லாம் எப்படி இயற்கையா வந்துடுச்சு பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அண்ணி கையிலிருந்த தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு விடுவிடுவென்று மாடிப்படி இறங்கிப் போனாள்.

சின்னவள் பென் டிரைவைக் கழற்றிப் பக்கச் சுவரின் டிவியில் செருகினாள். அதே படம், அதே வாசல், நீல வானம். மாநிறத்தில் அண்ணன் சிரித்தான். நெற்றி ஓரத்தில் விழுந்த மாலை வெயில்வரை எல்லாம் அவள் வைத்த இடத்தில் இருந்தது. டைரக்டர் கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நடு டிவியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணனைப் பார்க்கவில்லை.

"திங்கக்கிழமை கலர் பார்க்க டிஐ ரூமுக்கு வந்துடும்மா" என்றார். "என்னை மன்னிச்சுடுன்னு வேற தனியா சொல்லணுமா?"

"சொல்லுங்க சார்" என்றாள் சின்னவள்.

அவர் சொன்னார்.

குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் தேவையே படவில்லை. கூட்டம் கலைவதற்குள் அண்ணன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கட்டடக்காரர் அடுத்த தெருக் கடைக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்த சந்தோஷம் சின்னவளுக்குக் கைகால் எல்லாம் பரவியது. வெட்கப்படாமல் சொல்கிறேன், ரொம்ப நன்றாகவே இருந்தது. அதை யாரோடாவது பங்கு போட்டுக்கொள்ள வேண்டுமென்று முன்வரிசைக்குத் திரும்பினாள்.

அம்மா மடியிலிருந்த கைப்பையின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் பாதி வழி வந்தாகிவிட்டது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியபடி கேட்டாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"எதை?"

"அவனுக்கு நிறம் தெரியாதுங்கறதை."

சின்னவள் பிரேக்கை அழுத்தினாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"எனக்கு யாரும் சொல்லல. அந்த ஹால்ல நின்னப்பதான் கண்டுபிடிச்சேன்" என்றாள் மெதுவாக. "உனக்கு யாரும்மா சொன்னது?"

அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"சின்ன வயசுலேர்ந்து. பழத்துல எது பழுத்தது, எது காய்னு என்னைத்தான் கேப்பான். உங்க அப்பாவுக்குக்கூடச் சொல்லல. தெரிஞ்சா கடையை அவன்கிட்ட குடுப்பாரா?"

"அப்ப என் கண்ணு போச்சுன்னு ஊரே பேசினப்ப, யாருக்குக் கண்ணு இல்லன்னு உனக்குத் தெரியும். என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, டாக்டர்கிட்ட காட்டுடின்னு சொன்ன. நானும் போனேன். ரெண்டு டாக்டர்கிட்ட போனேன்மா. எனக்கே என் கண்ணு மேல சந்தேகம் வந்துடுச்சு."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அண்ணன் செய்ததற்குக் கோபம்தான் வந்தது. இதற்கு அழுகை வந்தது. அதை அம்மாவுக்குக் காட்டக்கூடாது என்று வண்டியைத் திருப்பினாள்.

"வீடு நேரா போகணும்."

"என் வீடு நேரா போகணும். உன் வீடு இந்தப் பக்கம்."

அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். உள்ளே ஒரே ஒரு விளக்கு எரிந்தது. அவன் கார், கோணல்மாணலாக, கதவு சரியாகச் சாத்தாமல் நின்றது.

"இறங்கும்மா. உன் துணிமணியெல்லாம் நாளைக்கு அனுப்பி வைக்கிறேன். நீ காப்பாத்தின பிள்ளை, அவனே உன்னைப் பார்த்துக்கட்டும்."

அம்மா கெஞ்சுவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அம்மா கெஞ்சவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். அப்புறம் திரும்பி மகளைப் பார்த்தாள். அந்த முகத்தைச் சின்னவள் அதுவரை பார்த்ததில்லை.

"அந்த டைரக்டர் வந்து கத்தினாரே, அன்னிக்கு அவன் கடைக்குப் பின்னாடி போய் எனக்குத்தான் போன் போட்டான். முகம் பச்சையா இருக்கா, இல்லையா சொல்லுன்னு கேக்கறாங்கம்மா, எனக்குத் தெரியலியேன்னு அழுதான். உன் கண்ணு சரியில்லன்னு சொல்லச் சொன்னது நான்தான். அவன் மாட்டேன்னான். பாவம்மா, அவ பொழப்பு போயிடும்னான். நான்தான் சத்தியம் வாங்கிட்டுச் சொல்ல வச்சேன்."

சின்னவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னிக்கு அவனை நாலு பேர் முன்னாடி நிக்க வச்சுக் கழுத்தை அறுத்தியே" என்றாள் அம்மா. "தப்பான ஆளை அறுத்துட்ட."

கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். கேட்டைத் திறக்க அண்ணனே வந்தான். சட்டைகூட மாற்றியிருக்கவில்லை. அம்மாவை அவன் எதுவும் கேட்கவில்லை, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டான். பிறகு காரையும், காருக்குள் இருந்தவளையும் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு கேட்டைச் சாத்தப் போனான்.

சின்னவள் எஞ்சினை அணைத்தாள். இறங்கி, இரண்டே எட்டில் போய், சாத்தப்போன கேட்டைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"நீ நகருண்ணா" என்றாள். "எனக்கு உன்கிட்ட சண்டை ஒண்ணுமில்ல. அவங்களை வெளியில வரச் சொல்லு."